நான் மாற்றி வைத்த ஒன்பது கற்கள்

“நீ சொல்றது உனக்கே தெரிஞ்சி சொல்றியா, இல்ல எவனோ சொன்னத வாங்கியாந்து இங்க கொட்டுறியா?”

இப்படிக் கேட்டவள் என் மாணவி ஒருத்தியின் அம்மா. செவ்வாய்க்கிழமை காலை, சாணி தட்டிய கையைக்கூடக் கழுவாமல் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்று கேட்டாள். வகுப்பில் இருந்த இருபது பெண் பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டார்கள். அவர்களை அவ்வளவு அமைதியாக நான் ஒருநாளும் வைத்திருந்ததில்லை.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கற்ற முதல் ஆள் நான்தான். பாகூர்ப் பக்கம் எங்கள் அப்பா இன்றைக்கும் பத்திரத்தில் கட்டைவிரலைத்தான் வைக்கிறார். புதுச்சேரிக் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்துத் தேறி, சர்க்கார் பள்ளியில் உதவி ஆசிரியையாக வேலை வாங்கியவள் என்று எனக்கு நிறையத் தலைக்கனம் உண்டு. அதை மறைக்கவும் மாட்டேன். எனக்குத் தெரியுமா என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மடத்தில் மனப்பாடம் செய்த நான்கு பிரெஞ்சு வரிகள்தான் நாக்கில் வந்து நின்றன. அந்தம்மாளிடம் அதைச் சொல்லி என்ன செய்வது?

நடந்தது இதுதான். நான் வேலை பார்த்த ஊர் வில்லியனூருக்கு வடமேற்கே, சுத்துக்கேணிக்குப் போகிற பாதையில் இருக்கிறது. செம்மண் பூமி. அங்கே ஏர் ஓட்டினால் கல்லாய்ப்போன சிப்பி வரும், நத்தை வரும். பிள்ளைகள் அவற்றை வைத்துத்தான் கல்லாங்காய் ஆடுவார்கள். ஆறு மாதமாக அதைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கை துறுதுறுவென்று இருந்தது. இவை ஒரு காலத்தில் இங்கே கிடந்த கடலின் பிராணிகள், உயிர்கள் காலத்தோடு மாறிக்கொண்டே வந்தவை என்று நான் படித்திருந்தேன். அந்த ஊரில் அதைப் படித்தவள் நான் ஒருத்திதான். பாடப்புத்தகத்தில் கல்லைப் பற்றி ஒரு சின்னப் பாடம் வந்தது. அதில் உயிர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. ஆனாலும், வீட்டிலிருந்து கல் கொண்டுவாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

திங்கட்கிழமை எல்லோரும் மடியில் ஒன்றிரண்டு கூழாங்கல்லைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி மட்டும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். பன்னிரண்டு வயது. என் வகுப்பில் முதல் பிள்ளை. அந்தக் கோடையில் பிரெஞ்சு சர்க்காரின் செர்த்திபிகா என்கிற ஆரம்பப் பள்ளிச் சான்றிதழ்ப் பரீட்சைக்கு உட்கார எங்கள் பள்ளியிலிருந்து போகப்போகிறவள் அவள் ஒருத்திதான். அந்த ஊரிலிருந்து எந்தப் பெண்ணும் அதுவரை அந்தப் பரீட்சை எழுதியதில்லை. அவள் அப்பாவின் கைரேகையோடு விண்ணப்பம் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வில்லியனூரில் ஊர் நிர்வாகம் பார்க்கும் கொம்யூன் ஆபீசுக்குப் போய்ச் சேரவேண்டும். அந்தக் காகிதத்தை நான்தான் எழுதி அவள் வீட்டுக்கு அனுப்பியிருந்தேன்.

கூடையில் ஒன்பது கற்கள் இருந்தன. எல்லாவற்றின் மேலும் காய்ந்த மண், மண்ணின் மேல் பழைய மஞ்சள். சில சிப்பிகள், சில திருகு நத்தைகள், ஒன்று மட்டும் ஆட்டுக்கிடாவின் கொம்புபோலச் சுருண்டு சோற்றுத் தட்டு அகலத்துக்கு இருந்தது. அதைப் பார்த்ததும் அவசரமாகக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தேங்காய் நாரால் ஒவ்வொன்றையும் தேய்த்துக் கழுவினேன். வரிகள் பளிச்சென்று தெரிந்தன. பிறகு பலகையின் மேல் சின்னதிலிருந்து பெரியது வரை அடுக்கினேன். “இப்படித்தான் உயிர்கள் வந்தன. முதலில் சின்னது, பிறகு கொஞ்சம் பெரியது, இன்னும் பெரியது” என்று சொல்லி, பலகைக்கு அடுத்துக் கரும்பலகையில் மீன், ஆமை, குரங்கு என்று வரைந்து கடைசியில் ஒரு மனிதனை வரைந்தேன். நன்றாகவே வரைந்தேன்.

பின் வரிசையில் ஒரு வாயாடி இருப்பாள். “வாத்தியாரம்மா, அப்ப யானதான கடைசியா வந்துருக்கணும்? மனுஷனவிட அதான பெருசு?” என்றாள்.

வகுப்பே சிரித்தது. அவளை எழுந்து நிற்கச் சொன்னேன். பதில் என்னிடம் இல்லை என்பது அப்போது எனக்கே தெரியாது.

முதல் பிள்ளை கற்களை நான் அடுக்கிய வரிசையிலேயே கூடையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப்போனாள். போய், மாட்டுக் கொட்டகைச் சுவரோரம் அதே வரிசையில் வைத்திருக்கிறாள். வாத்தியாரம்மா சொல்லிக்கொடுத்த வரிசை என்று அப்பாவிடம் பெருமையாகச் சொல்லவும் சொல்லியிருக்கிறாள்.

அதற்குத்தான் அவள் அம்மா வந்து நின்றாள்.

“கல்லுதானே அக்கா, திருப்பிக் குடுத்துட்டனே” என்றேன்.

“கல்லா? அது எங்க கெணத்து வரிசம்மா. ஒரு ஆள் ஆழம் தோண்டுனா ஒரு கல்லு எடுத்து வெப்போம். ஒம்போது ஆளு, ஒம்போது கல்லு. தண்ணி கண்ட அன்னிக்கி மஞ்ச பூசனது. இந்தப் பக்கம் எவன் கெணறு வெட்டுனாலும் எங்க கொட்டாயில வந்து பாத்துட்டுத்தான் கடப்பாரைய எடுப்பான். எந்தக் கல்லு வந்தா இன்னும் எத்தினி ஆளு எறங்கணும்னு அதுல இருக்குது. நேத்து சாயங்காலம் என் கொழுந்தன் நாலு பேர கூட்டிக்கினு வந்து நிக்கிறான், புதுக் கெணத்துக்கு. பாத்தா, குண்டான் அடுக்குனாமாதிரி சின்னது பெருசுன்னு அடுக்கி வெச்சிருக்குது. யார்றீ வெச்சதுன்னா, உன் பேரச் சொல்லுது.”

அதன் பிறகுதான் முதலில் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு மகளைக் கையைப் பிடித்து எழுப்பினாள். “இதப் படிச்சிக் கிழிச்சது போதும். பரீட்சையும் வாணாம், ஒண்ணும் வாணாம்.” பிள்ளை சிலேட்டை எடுக்கக்கூட விடவில்லை. சிலேட்டு பலகையின் மேல் அப்படியே கிடந்தது.

எங்கள் பள்ளியில் ஆசிரியைகள் இரண்டே பேர். தலைமை ஆசிரியை புதுச்சேரி டவுனைச் சேர்ந்த கிறிஸ்தவ விதவை. ஊரில் அவரை மதாம் என்று கூப்பிடுவார்கள். அவர் வீட்டுப் பின்னறையில்தான் நான் தங்கியிருந்தேன். என் வேலை தற்காலிகமானது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து எழுதினால்தான் நிலைக்கும். அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைத்தவுடன் மதாம் தொடங்கினார்.

“ஏம்மா, அந்தப் பாடத்த உன்ன யாரு நடத்தச் சொன்னா? நானும்தான் அதப் படிச்சேன். பரீட்சையில எழுதினேன், மார்க் வாங்கினேன். கோயில்ல போய் முட்டி போட்டா அதெல்லாம் மனசுல வெச்சிக்கிறதில்ல. உனக்கு மடத்துல சொல்லலியா?”

சொன்னார்கள். எங்கள் கன்னியாஸ்திரீ அந்தப் பக்கங்களை நடத்தும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். இது சர்க்கார் பரீட்சைக்கு, எழுதிவிட்டு மறந்துவிடுங்கள் என்பார். நானும் அப்படித்தான் எழுதினேன். மறக்காமல் இருந்தது ஒன்றுதான் நான் செய்த வித்தியாசம். மனப்பாடம் மறக்காது, அவ்வளவுதான்.

“போய் அவங்க வூட்டுல சொல்லிடு. அது சாமிக் கல்லு, நான் தொட்டது தப்பு, இனிமே அந்தப் பேச்சே எடுக்கமாட்டேன்னு சொல்லு. புள்ள வந்துடும். இன்ஸ்பெக்டர் காதுக்குப் போறதுக்குள்ள முடிச்சிடு.”

புதன்கிழமை முழுவதும் அதைச் சொல்லலாமா என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன். சொல்வது கஷ்டமில்லை. சொன்னால் பிள்ளை பரீட்சை எழுதுவாள். சனிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. காலியாக இருந்த அவள் இடத்தில் கிடந்த சிலேட்டை எடுத்துவந்து என் அறையில் வைத்தேன். இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் அவளைத் தாவணி போட்டு வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும். என்னோடு பாகூரில் தட்டான் பிடித்து விளையாடிய பெண்களில் பாதிப்பேர் இப்போது இரண்டு பிள்ளைக்காரிகள்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் போனேன். அவள் அப்பா கிணற்றில் நீர் இறைக்கும் கவலைச் சாலின் தோல் கிழிந்த இடத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. “உள்ள இருக்குறா, போயிப் பேசிக்க. எனக்கு உன்கிட்ட பேச்சு இல்ல” என்றார். விண்ணப்பக் காகிதம் கூரைச் சொருகலில் மடித்து வைத்தபடி இருந்தது. ரேகை வைக்கவில்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது.

அவள் அம்மா கொட்டகையில் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள். கற்கள் சுவரோரம் குவியலாகக் கிடந்தன. நான் தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகள் வரவில்லை. அதற்குப் பதில், “எப்படி இருந்ததுன்னு சொல்லுங்க அக்கா, நான் திருப்பி அடுக்கித் தர்றேன்” என்றேன்.

“நீ அடுக்கு பாப்போம்.”

உட்கார்ந்து யோசித்தேன். வாசல் பக்கம் மேல்மண், கோடியில் கிணற்றின் அடி என்று அவள் கையால் காட்டினாள். ஆழத்தில் இருப்பது பழையது என்று எனக்குத் தெரியும். பழையது சின்னது. அதனால் சின்னவற்றைக் கோடியில் வைத்து, பெரிய சுருள் கல்லைத் தூக்கி வாசலருகே வைத்தேன்.

அவள் சிரித்தாள். வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தாள். புல் கட்டை அப்படியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, அந்தப் பெரிய கல்லை எடுத்துக் கோடிக்குக் கொண்டுபோய் வைத்தாள்.

“இதான் அடி. ஒம்போதாவது ஆளு. இத்தத் தலையில தூக்கிக்கினு ஏறுனவ நான். அந்தக் கெணத்து மண்ணு மொத்தமும் என் தலையிலதான் ஏறுச்சி. எட்டு மாசம். வயித்துல இவ வேற.”

“பெருசு அடியிலயா? மேல இதுமாதிரி ஒண்ணுமே வரலியா?”

“அடியில ரெண்டு மூணு வந்திச்சி. அதுக்கு மேல சிப்பிதான். இந்தக் கிடாக்கொம்பு மேல ஒண்ணுகூட வர்ல. கொழுந்தன் கெணத்துலயும் அப்பிடித்தான், மாமன் கெணத்துலயும் அப்பிடித்தான்.”

அவள் கை மடமடவென்று கற்களை வைத்துக்கொண்டே வந்தது. எட்டு, ஏழு, ஆறு, ஐந்து. பிறகு இரண்டு சிப்பிகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன.

“இதுல எது மூணு, எது நாலுன்னு தெரியல. ஒண்ணுல மஞ்ச மண்ணு ஒட்டியிருந்திச்சி, ஒண்ணுல கருப்பு. மண்ணு இருந்தா சொல்லிடுவேன். நீதான் கழுவிட்டியே.”

நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் என்றால் என்ன என்று அந்தக் கொட்டகையில்தான் எனக்குப் புரிந்தது. மூன்று வருஷமாகப் பிரெஞ்சில் ஒப்பித்த விஷயம் மாட்டுக் கொட்டகைச் சுவரோரம் வரிசையாகக் கிடந்தது. ஒரு காலத்தில் இருந்த பிராணிகள் பிறகு இல்லை. வேறு பிராணிகள் வந்திருக்கின்றன. புத்தகம் சொன்னது உண்மைதான். நான் அதற்குப் போட்ட ஏணிதான் பொய். பெரியது அடியில் கிடந்தது, அழிந்துபோயிருந்தது. சின்னச் சிப்பி மேலே வந்து தங்கியிருந்தது. வரவர உயர்ந்துகொண்டே போகும் என்று நான் எதை வைத்து நம்பினேன்? அப்பாவின் கட்டைவிரலில் தொடங்கி என் கையெழுத்தில் வந்து முடிகிற ஒரு வரிசையை என் மனத்தில் வைத்திருந்தேன். அதைத்தான் பலகையில் அடுக்கியிருக்கிறேன்.

“சாமிக் கல்லுன்னு தெரியாமத் தொட்டுட்டேன்” என்று மதாம் சொல்லிக்கொடுத்ததைப் பாதி சொன்னேன்.

“சாமியெல்லாம் கோயில்ல இருக்குது. இதுக்குப் பொங்கலா வெக்கிறோம்? வழி காட்டுற கல்லு இது. சாமின்னு சொல்லி நழுவாத. புள்ளைங்க முன்னாடி சின்னதுலேருந்து பெருசுன்னு சொன்ன இல்ல? அவங்க முன்னாடியே நான் சொன்னது தப்புன்னு சொல்லு. அப்பறம் பாக்கலாம்.”

மதாமிடம் சொன்னபோது அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “வாத்தியாரு தப்புன்னு ஒரு தரம் சொல்லிட்டா, நாளைக்குக் கூட்டலயும் தப்புன்னும்க. ஊர்ல இன்னா பேசுவாங்க தெரியுமா? மொத்தமும் பொய்யின்னு அவளே ஒத்துக்கிட்டாம்பாங்க.”

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதுதான் அன்றிரவு முழுவதும் என்னை அரித்தது. என் தலை குனிவதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் வரிசை தப்பு என்றால் கடலும் தப்பு, மாற்றமும் தப்பு என்று பிள்ளைகள் சேர்த்துத் துடைத்துப் போட்டுவிட்டால்? யாரும் சொல்லிக்கொடுக்காமல் இருந்ததைவிட அது மோசம். பாதி தப்பு, பாதி சரி என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? சொன்னால் எந்தப் பாதியை அவள் வீட்டுக்கு எடுத்துப்போவாள்?

வெள்ளிக்கிழமை முதல் மணியிலேயே சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே அவள் அம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மகள் வரவில்லை.

“திங்கக்கிழமை நான் கல்லை அடுக்கினது தப்பு. இந்தக் கல்லெல்லாம் உயிரோட இருந்த பிராணிங்கதான், அது தப்பில்லை. ஒரு காலத்துப் பிராணி இன்னொரு காலத்துல இல்லை, அதுவும் தப்பில்லை. ஆனா சின்னது பெருசாகிப் பெருசாகி வந்துச்சின்னு சொன்னேனே, அது தப்பு. நான் பாக்காம சொன்னேன். கிணத்துல பெருசுதான் அடியில இருந்துச்சி.”

பின் வரிசை வாயாடி கையைத் தூக்கினாள். “அப்ப யான கடைசி இல்லியா வாத்தியாரம்மா?”

“இல்லை.”

“மனுஷன்?”

இதற்கு ஒத்திகை பார்க்கவில்லை. “மனுஷனும் கடைசி இல்லைன்னுதான் நினைக்கிறேன்” என்றேன்.

“அப்ப எதுக்கு என்ன நிக்க வெச்சீங்க?”

“அதுவும் தப்புதான். உட்காரு.”

அவள் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

“அந்தப் பெருசு ஏன் மேல வர்ல? இன்னா ஆச்சி அதுக்கு?”

மடத்தில் படித்த வரிகளை ஒருமுறை முதலிலிருந்து கடைசி வரை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். அதில் அது இல்லை. “தெரியல அக்கா” என்றேன். பிள்ளைகள் முன்னால் அந்த வார்த்தையை அதுவரை நான் சொன்னதே இல்லை.

“தெரியலியா? இத்தினி நாளா எல்லாம் தெரிஞ்சாமாதிரி நடந்துக்கினு இருந்த?”

“ஆமா.”

அவள் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். மதாம் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று மாலை வரை தெருவில் ஒவ்வொரு காலடிக்கும் எழுந்து பார்த்தேன். யாரும் வரவில்லை. போய்க் கேட்கவும் தைரியமில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்று தோன்றியது.

சனிக்கிழமை காலை மதாம் வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை ஓடிவந்தாள். கையில் காகிதம். அதில் அவள் அப்பாவின் கட்டைவிரல் ரேகை இருந்தது. மை கொஞ்சம் அதிகமாகி ஊறியிருந்தது.

“அப்பா வாணாம்னாரு. அம்மாதான் கைய புடிச்சி வெச்சாங்க. கடலு இங்க இருந்திச்சின்றத மட்டும் அம்மா இன்னும் ஒத்துக்கலியாம், அத்த உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. இங்கேருந்து கடலுக்குப் போவ ஒரு பகல் நடக்கணும், அது எப்பிடி கெணத்துக்குள்ள வரும்னு கேட்டாங்க. அப்பறம் அந்த ரெண்டு கல்ல மூணும் நாலும்னு வைக்காம சேத்து வெச்சிட்டாங்க. தெரியாதத தெரியாததாவே வெப்போம்னு.”

பேசிவிட்டுச் சிலேட்டைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

அந்தக் காகிதத்தோடு எடுத்துப்போக என்னிடம் இன்னொன்றும் இருந்தது. வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்து எழுதியது. புதுச்சேரியில் மேல்பரீட்சைக்குப் படிக்க, இயற்கை சாஸ்திரப் பிரிவில் இடம் கேட்டு என் விண்ணப்பம். அதோடு கடைசி மூன்று மாதத்துப் பாடக்குறிப்பு நோட்டையும் சேர்த்து அனுப்பவேண்டும் என்பது விதி. திங்கட்கிழமைப் பக்கத்தைக் கிழித்துவிடு, பாடத்திட்டத்தில் இல்லாததை நடத்தி, அதையும் தப்பாக நடத்தியவளுக்கு எவன் இடம் கொடுப்பான் என்று மதாம் சொன்னார். இருக்கிற வேலையும் போகலாம் என்றார். அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். நான் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. நான் அடுக்கிய வரிசையின் படத்துக்குக் கீழே, கிணற்றில் இருந்த வரிசையை வரைந்து, மூன்றும் நான்கும் தெரியாது, மண்ணைக் கழுவியது நான் என்று எழுதியிருந்தேன்.

வெயில் ஏறுவதற்குள் வில்லியனூருக்கு நடந்துவிட்டேன். கொம்யூன் ஆபீசில் குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காகிதங்களைப் பிரித்தார்.

“ஒரு பேருன்னுதான சொன்னாங்க. ரெண்டு இருக்குது?”

“ரெண்டு பேர். ஒண்ணு என் மாணவி, ஒண்ணு நான்.”

நோட்டை அவர் திறந்து பார்க்கவில்லை. அதைப் புதுச்சேரியில்தான் திறப்பார்கள். நூலால் மூன்றையும் சேர்த்துக் கட்டி, தபால் பைக்குள் போட்டார். ரசீதில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.